இஷிமுராவில் பழகியதை ஸ்ப்ராலில் மறப்பது எப்படி: டெட் ஸ்பேஸ் 2 தொடங்குகிறவருக்கு

போன மாதம் இரவு பதினொரு மணிக்குக் கொக்குவிலிலிருந்து சித்தியின் மகன் ஃபோன் எடுத்தான். "அண்ணா, முதலாவதை ஹார்டில முடிச்சனான். இரண்டாவதில இந்தப் பெட்டி அடுக்கின அறைக்குள்ள ஏழு தரம் செத்திட்டன். என்ர கை பிழையோ, கேம் பிழையோ?" கேம் சரி, கையும் சரி. டெட் ஸ்பேஸ் என்ற இந்தத் திகில் கேமின் முதலாம் பாகம் பழக்கிவிட்டதைத்தான் அவன் அப்படியே செய்துகொண்டிருந்தான், அதில் பாதி இரண்டாம் பாகத்தில் ஆளைக் கொல்லும். அன்று அவனோடு ஒரு மணித்தியாலம் கதைத்ததைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். கதையின் முடிச்சுகளை உடைக்கமாட்டேன், பயப்படாமல் வாசிக்கலாம்.

முதலாம் பாகம் ஆடாதவர் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு அதை ஆடிவிட்டு வாருங்கள். கண்டிப்பாகத்தான் சொல்கிறேன். சில கேம்களில் இரண்டாம் பாகத்திலிருந்து தொடங்கினாலும் ஒன்றும் குறையாது, இதில் குறையும். 2508ஆம் ஆண்டு, இஷிமுரா என்ற கப்பல், கோள்களை உடைத்துக் கனிமம் எடுக்கிற பெரிய சுரங்கக் கப்பல், அதைத் திருத்தப் போகிற எஞ்சினியர் ஐசக் கிளார்க், அதே கப்பலில் வேலைசெய்யும் அவனுடைய காதலி நிக்கோல். இதுதான் முதலாம் பாகத்தின் தொடக்கம். இரண்டாம் பாகம் மூன்று வருடம் கழித்து, சனிக் கோளின் துணைக்கோளான டைட்டனில் உள்ள ஸ்ப்ரால் என்ற குடியிருப்பு நிலையத்தில் தொடங்குகிறது. அங்கே ஐசக் ஒரு ஆஸ்பத்திரியில், கை கட்டப்பட்ட சட்டையோடு கண் விழிக்கிறான். அவன் ஏன் அந்த நிலைக்கு வந்தான் என்பதை நீங்களே பன்னிரண்டு அத்தியாயம் நடந்து பார்த்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் அவனுடைய பைத்தியம் உங்களுக்கு வெறும் லைட் எஃபெக்டாகத்தான் தெரியும்.

இடையில் ஒன்று. ஐசக் கிளார்க் என்ற பெயர் ஐசக் அசிமோவ், ஆர்தர் சி. கிளார்க் என்ற இரண்டு அறிவியல் புனைகதை எழுத்தாளர்களின் பெயரைச் சேர்த்து வைத்தது. கிளார்க் எங்கள் நாட்டிலேயே வாழ்ந்து 2008 மார்ச்சில் கொழும்பில் இறந்தார், கேம் அந்த ஒக்டோபரில் வெளிவந்தது. அந்த ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 பாதை போரால் மூடிக்கிடந்தது, யாழ்ப்பாணத்துக்கு அரிசியே கப்பலில்தான் வந்தது, கேம் எங்கே வரப்போகிறது? எனக்கு அது பாதை திறந்த பிறகு, ஒரு கடையில் கொப்பி அடித்த டிவிடியாகக் கிடைத்தது. அதுவும் ஐந்தாம் அத்தியாயத்தோடு நின்றுபோனது. காசு கொடுத்து ஒழுங்காக வாங்கியது எத்தனையோ வருடம் கழித்துத்தான்.

முதலாம் பாகத்துக்கு இப்போது இரண்டு வழி இருக்கிறது. ஒன்று 2008இல் வந்த பழையது, மற்றது 2023 ஜனவரியில் மோட்டிவ் ஸ்டூடியோ புதிதாகக் கட்டிய ரீமேக். ரீமேக்குக்கு நல்ல கிராபிக்ஸ் கார்ட் வேண்டும், டிஸ்கில் 50 ஜிபி இடம் வேண்டும், பிளேஸ்டேஷன் 4 வைத்திருக்கிறவருக்கு அது இல்லவே இல்லை. பழையது எந்தப் பழைய மெஷினிலும் ஓடும். கணினியில் பழையதை ஆடினால் முதல் வேலையாக கேமுக்குள் இருக்கும் வி-சிங்க்கை (படத்தைத் திரையின் வேகத்தோடு ஒத்துப்போக வைக்கிற வசதி) நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் மவுஸ் சேற்றுக்குள் இழுபடுவது போல இருக்கும். கிராபிக்ஸ் கார்ட்டின் செட்டிங்கில் வி-சிங்க்கைப் போட்டுக்கொண்டால் போதும். இரண்டாம் பாகத்துக்கு ரீமேக் இல்லை, 2011 ஜனவரியில் வந்த அதே கேம்தான், ஆனால் அது இன்றைக்கும் கிழவன்போலத் தெரியாது. ஒரு எச்சரிக்கை: ரீமேக்கை ஆடிவிட்டு இரண்டாம் பாகத்துக்குப் போனால் நான் கீழே சொல்லப்போகிற மாற்றங்களில் சில உங்களுக்குப் புதினமாக இராது, ஏனென்றால் ரீமேக் செய்தவர்கள் இரண்டாம் பாகத்திலிருந்தே பலதை எடுத்து முதலாம் பாகத்துக்குள் வைத்துவிட்டார்கள். ஈர்ப்பில்லாத இடத்தில் பறப்பது, ஐசக் வாய் திறந்து கதைப்பது எல்லாம் அப்படி வந்தவைதான். இரண்டுக்கும் உள்ள இடைவெளியை முழுதாக உணரவேண்டும் என்றால் பழையதையே ஆடுங்கள் என்பேன்.

ஹெட்போன் கட்டாயம். இரண்டு பாகத்துக்கும் இசை ஜேசன் கிரேவ்ஸ்தான், ஆனால் உங்களைக் காப்பாற்றப்போவது இசைக்குள்ளே ஒளிந்திருக்கும் மற்றச் சத்தங்கள், குழாய்க்குள் ஏதோ ஊர்வது, பின்னால் எங்கேயோ தகரம் விழுவது. எங்கள் வீட்டு வளவில் நாலு பனை நிற்கிறது, காற்றுக்குக் காவோலை மரத்தோடு உரசும்போது வருகிற சரசரப்பு கேமுக்குள் வருகிற சத்தத்தோடு கலந்து, ஒருநாள் நான் ஹெட்போனைக் கழற்றி முற்றத்துக்கு டோர்ச் அடித்துப் பார்த்தேன். சிரிக்கவேண்டாம், நீங்களும் பார்ப்பீர்கள். யூபிஎஸ் இருந்தால் நல்லது, அதன் காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

சரி, பழக்கங்களுக்கு வருவோம்.

கை காலை வெட்டுவதுதான் இரண்டு கேமுக்கும் அடிப்படை, அது மாறவில்லை. தலையில் சுட்டால் நெக்ரோமோர்ப், அதாவது பிணங்கள் உருமாறி எழும்பி வருகிற எதிரி, சாகாது, முழங்காலை வெட்டினால் விழும், விழுந்தபின் கைகளை எடுத்தால் முடிந்தது. பிளாஸ்மா கட்டர் என்ற முதல் துப்பாக்கியின் மூன்று வெளிச்சப் புள்ளிகளை ஒரு கணத்தில் நிமிர்த்திப் படுக்க வைக்கிற பழக்கம் உங்கள் விரலுக்கு வந்திருக்கும், அதை அப்படியே கொண்டுபோங்கள். மாறியது வேகம். இஷிமுராவில் ஒன்றோ இரண்டோ வரும், நீங்கள் பின்வாங்கிக்கொண்டே ஒன்றொன்றாக நறுக்கலாம், பின்னால் இருப்பது நீங்கள் ஏற்கெனவே துப்புரவாக்கிய நடைபாதை. ஸ்ப்ராலில் பின்வாங்கினால் பின்னாலும் ஒன்று நிற்கும். ஆகவே ஒரு அறைக்குள் நுழைந்ததும் செய்யவேண்டிய முதல் வேலை மூலையைத் தேடுவது. முதுகு சுவரில் ஒட்டி நின்றால்தான் நீங்கள் வெட்டுகிற வேகமும் அவை வருகிற வேகமும் சமமாகும்.

தம்பி ஏழு தரம் செத்த அறை இதற்குத்தான். ஸ்டோக்கர் என்று ஒரு புது வகை, இது முதலாம் பாகத்தில் இல்லாதது. பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்து நின்று எட்டிப் பார்க்கும், கோழி மாதிரி ஒரு சத்தம் போடும், நீங்கள் ஒன்றைக் குறிபார்த்துக்கொண்டிருக்கும்போது மற்றது பக்கவாட்டால் ஓடிவந்து இடித்து வீழ்த்தும். முதலாம் பாகத்தில் பழகியவர் அதைத் தேடிப் போவார். போகாதீர்கள். தேடிப் போகிறவனைச் சாப்பிடத்தான் அந்த அறையையே கட்டியிருக்கிறார்கள். மூலைக்குப் போங்கள், டிடொனேட்டர் என்ற துப்பாக்கி வைக்கிற கண்ணிவெடிகள் இருந்தால் உங்களுக்கு இரண்டு பக்கமும் வையுங்கள், பிறகு கை கட்டி நில்லுங்கள். அவையே வந்து மிதிக்கும். கண்ணி இல்லாவிட்டால் ஓடிவரும்போது ஸ்டேசிஸ் அடித்து மெதுவாக்கிக் காலை எடுங்கள். மிதிபடாமல் மிஞ்சிய கண்ணியை அந்தத் துப்பாக்கியின் இரண்டாவது விசையால் செயலிழக்கச் செய்து திருப்பி எடுக்கலாம், வீணாக விட்டுவிட்டுப் போகவேண்டாம். இதைச் சொன்ன பிறகு எட்டாம் தரத்தில் தாண்டிவிட்டதாக மெசேஜ் போட்டான்.

குழந்தைகளின் உருவில் கூட்டமாக வருகிற வகை ஒன்றும் இருக்கிறது. மனசுக்குச் சங்கடமான வகை, நான் முதல் தரம் கேமை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனேன். ஒவ்வொன்றும் பலவீனம்தான், ஒரு அடியில் விழும், ஆனால் பத்துப் பன்னிரண்டு சேர்ந்து வரும்போது பிளாஸ்மா கட்டரால் ஒவ்வொன்றாகக் குறிபார்க்க நேரம் போதாது. பல்ஸ் ரைஃபிளால் வாரி இறையுங்கள், அல்லது நெருப்புத் துப்பாக்கி. பல்ஸ் ரைஃபிளின் இரண்டாவது விசையும் மாறிவிட்டது. முதலாம் பாகத்தில் அது சுற்றிவர எல்லாப் பக்கமும் சுடும், இரண்டாம் பாகத்தில் குண்டு வீசும். பழைய நினைப்பில் கால்மாட்டில் நிற்கிறதுக்கு அதை அழுத்தினால் உங்களுக்கும் சேர்த்துத்தான் விழும்.

கினெசிஸ், அதாவது சாமான்களைத் தொடாமலே தூக்கி எறிகிற சக்தி, பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டும், ஏனென்றால் இரண்டாம் பாகத்தின் அரைவாசி வெற்றி அதில்தான் இருக்கிறது, முதலாம் பாகத்திலிருந்து வருகிறவர் அதைத்தான் மறந்துவிடுகிறார். இஷிமுராவில் கினெசிஸ் என்றால் பெரும்பாலும் கதவைத் திறக்க, பற்றரியைப் பொருத்த, எப்போதாவது வெடிக்கிற சிலிண்டரைத் தூக்கி எறிய. மற்றச் சாமான்களை எறிந்தால் அவ்வளவாக வலிக்காது. ஸ்ப்ராலில் கூரான எதையும் தூக்கி எறிந்தால் அது ஈட்டியாகப் பாயும், ஆளைச் சுவரோடு அறைந்து வைக்கும். கூரான சாமான் எங்கே இருக்கிறது? அவற்றின் கையிலேயே இருக்கிறது. ஒரு நெக்ரோமோர்ப்பின் கத்திக் கையை வெட்டுங்கள், அந்தக் கையைக் கினெசிஸால் தூக்குங்கள், அடுத்தது வரும்போது அதன் நெஞ்சுக்கு விடுங்கள். ஒரு குண்டுக்கு இரண்டு சாவு. இதற்குச் செலவே இல்லை, எத்தனை தரமும் எறியலாம். குண்டு தட்டுப்பாட்டைப் பற்றிப் புலம்புகிற யாரையும் கேட்டுப் பாருங்கள், இதைச் செய்திருக்கமாட்டார்.

ஸ்டேசிஸும் அப்படித்தான். முதலாம் பாகத்தில் அது தானாக நிரம்பாது, சுவரில் இருக்கிற இயந்திரத்திலோ பொதியாலோதான் நிரப்பவேண்டும், ஆகவே எல்லோரும் கஞ்சத்தனமாக இடுப்பில் முடிந்து வைத்திருந்தோம். இரண்டாம் பாகத்தில் மெதுவாக என்றாலும் தானே நிரம்பும். சேமித்து வைப்பதில் இலாபம் ஒன்றும் இல்லை, ஒவ்வொரு சண்டையிலும் ஒன்றையாவது செலவழியுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் தெரியாவிட்டால் பட்டினி கிடப்பீர்கள். முதலாம் பாகத்தில் நெக்ரோமோர்ப் செத்ததும் தன்னிடம் இருந்த குண்டையும் மருந்தையும் கீழே போட்டுவிடும். இரண்டாம் பாகத்தில் பிணத்தை மிதித்தால்தான் சாமான் வெளியே வரும். ஆகவே சண்டை முடிந்ததும் மிதி, எல்லாவற்றையும் மிதி. ஐசக் அதற்குத் தகுந்த மாதிரித் திட்டிக்கொண்டே மிதிக்கிறான், முதலாம் பாகத்தில் வாயே திறக்காதவன். அவன் கதைப்பது எனக்கு முதலில் பிடிக்கவில்லை. ஊமையாக இருந்தபோது அந்தக் கவசத்துக்குள் நான்தான் இருந்தேன், கதைக்கத் தொடங்கியதும் அது வேறு ஒருவனாகிவிட்டது. ஆனால் போகப்போக அந்த வேறு ஒருவனுக்காக நான் கவலைப்படத் தொடங்கினேன்.

துப்பாக்கி வாங்குவதில் ஆசைப்படவேண்டாம். இரண்டு பாகத்திலும் நாலுதான் கையில் வைத்திருக்கலாம், நீங்கள் வைத்திருக்கிற துப்பாக்கிகளுக்கு ஏற்றமாதிரித்தான் குண்டு விழும், ஆகவே நாலு வைத்திருந்தால் நாலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வந்து ஒன்றுக்கும் போதாது. தொடக்கத்தில் கட்டரும் இன்னொன்றும் போதும். அந்த இன்னொன்று என் கணக்கில் ஜாவெலின், ஈட்டி எறிகிற துப்பாக்கி, இதுவும் இரண்டாம் பாகத்தில்தான் வந்தது. ஈட்டி குத்தி நிற்கும்போது இரண்டாவது விசையை அழுத்தினால் அதற்குள்ளால் மின்சாரம் பாய்ந்து பக்கத்தில் நிற்பவையும் துடிக்கும். நோட்களை, அதாவது பட்டறையில் துப்பாக்கியையும் கவசத்தையும் பலப்படுத்தப் போடுகிற துண்டுகளை, முதலில் கட்டர் செய்கிற சேதத்துக்கும் உங்கள் உயிர் அளவுக்கும் போடுங்கள், ஒரு நோட்டை எப்போதும் பையில் வைத்திருங்கள், நோட் கேட்கிற கதவுகள் இரண்டு பாகத்திலும் உண்டு, உள்ளே இருப்பது பெரும்பாலும் அந்த ஒன்றுக்கு மேல் பெறும். முதலாம் பாகத்தில் போட்ட நோட் போட்டதுதான், இரண்டாம் பாகத்தில் 5,000 கிரெடிட் கொடுத்தால் ஒரு துப்பாக்கியில் போட்ட அத்தனையையும் கழற்றித் திருப்பி எடுக்கலாம். ஆகவே பயந்து பயந்து போடத் தேவையில்லை.

யன்னல்கள். விண்வெளியைப் பார்த்த கண்ணாடி யன்னல் உள்ள அறையில் சண்டை என்றால், கண்ணாடியில் சுட்டால் அது உடைந்து அறையில் இருக்கிற எல்லாவற்றையும் வெளியே உறிஞ்சும், உங்களையும் சேர்த்து. யன்னலுக்கு மேலே சிவப்பாக ஒரு முக்கோணம் மின்னும், இழுபட்டுக்கொண்டு போகும்போதே அதைச் சுட்டால் இரும்புக் கதவு விழுந்து மூடும், தாமதித்தால் அந்தக் கதவு உங்கள் இடுப்பில் விழும். தெரிந்து செய்தால் இது சண்டையைக் குண்டில்லாமல் முடிக்க மிக மலிவான வழி. என்ன, உறிஞ்சப்பட்டவை விட்டிருக்கக்கூடிய சாமானும் வெளியே போய்விடும்.

ஈர்ப்பில்லாத இடங்களில் முதலாம் பாகத்தில் ஒரு சுவரைக் குறிபார்த்துப் பாய்வீர்கள், இறங்கிய சுவரே தரையாகிவிடும். இரண்டாம் பாகத்தில் கவசத்தில் உந்துவிசை இருக்கிறது, மீன் மாதிரி நீந்தலாம். தலைகீழாகிக் குழம்பினால் நிமிர்த்திவிட ஒரு பொத்தான் உண்டு, தலை சுற்றுகிறவர் அதைத்தான் முதலில் பழகவேண்டும். காற்று இல்லாத இடத்தில் உங்கள் மூச்சைத் தவிர எல்லாச் சத்தமும் அமுங்கிவிடுவது இரண்டிலும் ஒன்றுதான், அங்கே காதை நம்பாமல் அடிக்கடி திரும்பிப் பாருங்கள்.

வரைபடத்தை எடுத்துவிட்டார்கள். முதலாம் பாகத்தின் முப்பரிமாண வரைபடத்தை நான் ஒருநாளும் விளங்கிக்கொண்டதில்லை, எனவே எனக்கு நட்டமில்லை. அதற்குப் பதில் தரையில் விழுகிற நீலக் கோடு இப்போது கடை, பட்டறை, சேவ் நிலையம் எங்கே என்றும் காட்டும். ஒரு தந்திரம்: கோடு காட்டுகிற பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தை முதலில் பாருங்கள், சாமான் அங்கேதான் இருக்கும்.

எது அதிகம் பயம் என்று எல்லோரும் கேட்பார்கள். முதலாவதுதான், சந்தேகமில்லை. இஷிமுராவில் தனிமை அதிகம், நடை மெதுவு, ஒன்றும் நடக்காத நேரம் நீளம். நாலாம் அத்தியாயத்தில் விண்கற்களைச் சுடுகிற பகுதி ஒன்றைத் தவிர எனக்கு அதில் வெறுக்க ஒன்றுமில்லை, அதையும் ரீமேக்கில் மாற்றிவிட்டார்கள். ஆடுவதற்கு நல்லது இரண்டாவது. கை சொன்னபடி கேட்கும், ஒவ்வொரு அறையும் ஒவ்வொரு விதம். ஆனால் இரண்டாவதில் வேறு ஒரு விஷயம் இருக்கிறது. இஷிமுரா வேலைத்தலம், குழாயும் இயந்திரமுமாக இருக்கும். ஸ்ப்ரால் ஊர். வீடு, கடை, கோயில் மாதிரி ஒன்று, பள்ளிக்கூடம், எல்லாம் இருக்கும், ஆட்கள்தான் இல்லை. ஒருநாள் நான் அந்த வீடுகளுக்குள்ளால் போய்க்கொண்டிருந்தபோது அம்மா பின்னால் நின்று பார்த்தார். பேயையோ இரத்தத்தையோ பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "இதென்ன, சனம் எழும்பிப் போன வீடு மாதிரிக் கிடக்கு" என்றார். 95 ஒக்டோபர் இடப்பெயர்வில் உலையை இறக்காமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு நடந்தவர். அதற்குப் பிறகு அந்தப் பகுதியை நான் ஓடிக் கடக்கவில்லை, ஒவ்வொரு அறையாகத்தான் பார்த்தேன். நீங்களும் அங்கே அவசரப்படாதீர்கள், சுவரில் எழுதியிருப்பதை வாசியுங்கள், கிடக்கிற ஒலிப்பதிவுகளை முழுதாகக் கேளுங்கள். பத்தாம் அத்தியாயத்தில் ஒரு நீண்ட நடை வரும், அது என்னவென்று சொல்லமாட்டேன், முதலாம் பாகத்தை ஆடிவிட்டு வா என்று தொடக்கத்தில் சொன்னதே அந்த நடைக்காகத்தான்.

கடைசியாக யூபிஎஸ். இரண்டு கேமிலும் செத்தால் பக்கத்தில் எங்கேயோ திரும்ப எழும்புவீர்கள், ஆனால் கரண்ட் போனால் கடைசியாக சேவ் நிலையத்தில் பதிந்த இடத்துக்குத்தான் போவீர்கள். சேவ் நிலையத்தைக் கண்டால் கும்பிட்டுவிட்டுப் போகிற பழக்கம் வேண்டும். இரண்டாம் பாகத்தை ஒருதரம் முடித்தால் ஹார்ட்கோர் என்ற முறை திறக்கும். அதில் இடையில் எழும்புகிற வசதி இல்லை, பதினைந்து அத்தியாயத்துக்கும் மொத்தம் மூன்றே மூன்று தரம்தான் சேவ் செய்யலாம், செத்தால் கடைசி சேவுக்கு. குண்டும் மருந்தும் அரிது. நான் ஐந்தாம் அத்தியாயம் முடியும் இடத்தில் ஒன்று, பத்தில் ஒன்று, பதின்மூன்று முடியும் இடத்தில் ஒன்று என்று பங்கு வைத்தேன். முதல் முயற்சியில் ஒன்பதாம் அத்தியாயம் வரை ஒரு அடியும் படாமல் போய்க்கொண்டிருந்தபோது தெருவே இருண்டது. நாலு மணித்தியாலம் போச்சு. மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் இருந்தேன், அட்டவணையில் எங்கள் பகுதி இல்லை.

இரண்டாம் முயற்சியில் முடித்தேன். அதற்குப் பரிசாகக் கிடைக்கிற துப்பாக்கி என்னவென்று தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை. ஒரு பெரிய சிவப்புக் கை, கடற்பஞ்சுக் கையுறை மாதிரி, விரலை நீட்டினால் ஐசக் வாயாலேயே "டுமீல்" என்கிற மாதிரிச் சத்தம் போடுவான், எதிரே நிற்கிறது தூள்தூளாகப் போகும். தம்பி இப்போது பதினோராம் அத்தியாயத்தில் நிற்கிறான், யூபிஎஸ் வாங்கச் சித்தியிடம் காசு கேட்டிருக்கிறானாம்.